நடுராத்திரி ராஜாங்கம்: கேள்வி-பதில்

ஐந்து மாதக் குழந்தைக்கு ராத்திரிப் பாலை நிறுத்திவிடலாமா?
(இளம் தாய், நாமக்கல்)

கூடாது. முதல் ஆறு மாதம் தாய்ப்பால் மட்டுமே என்கிறது உலக சுகாதார நிறுவனம். ராத்திரியில் கடையடைப்பு என்று எங்கும் சொல்லவில்லை. பால் சுரக்க வைக்கும் புரோலாக்டின் ராத்திரியில்தான் கூடுதலாக ஊறுகிறது. இப்போது ராத்திரிப் பாலை வெட்டினால் பகல் பாலுக்கும் வெட்டு விழும்.

எப்போதுதான் நிறுத்துவது?
(அதே தாய், அடுத்த கடிதத்தில்)

புட்டிப்பால் குடித்து எடை ஒழுங்காக ஏறும் பிள்ளை என்றால் ஆறு மாதத்துக்கு மேல் யோசிக்கலாம். தாய்ப்பால் பிள்ளைக்கு ஒரு வயது வாக்கில் போதும், அவசரமே இல்லை. குறைமாதத்தில் பிறந்தது, எடை ஏறாதது என்றால் டாக்டரைக் கேட்காமல் கை வைக்காதீர்கள்.

எதிர்வீட்டுக் குழந்தை மூன்று மாதத்திலேயே விடிய விடியத் தூங்குகிறதாமே?
(திண்டுக்கல் வாசகி)

ஒரு ராத்திரி அந்த வீட்டில் படுத்துப் பார்த்துவிட்டு எழுதுங்கள்.

வயிறு நிறையத்தான் குடிக்கிறான். ஒரு மணி நேரத்தில் மறுபடி அழுகை. பசியா, பிடிவாதமா?
(கோவில்பட்டித் தாய்)

இரண்டும் இல்லை. குழந்தைத் தூக்கத்தின் ஒரு சுற்று ஏறத்தாழ ஒரு மணி நேரம்தான். ஒவ்வொரு சுற்று முடியும்போதும் லேசாக விழிப்புத் தட்டும். அம்மா மடியில் கண் மூடியவன் தனியாகப் பாயில் கண் விழிக்கிறான். வீட்டில் தூங்கிய நீங்கள் பஸ் ஸ்டாண்டில் கண் விழித்தால் சும்மா இருப்பீர்களா?

அதனால் தூங்குவதற்கு முன்பே பால் முடியட்டும். கண் சொக்கும்போதே மல்லாக்கப் படுக்க வையுங்கள். சிணுங்கினால் தட்டிக்கொடுங்கள். பாலும் தூக்கமும் ஒன்றையொன்று விட்டுப் பிரிந்தால் பாதி வேலை முடிந்தது.

மீதிப் பாதி?
(அவரேதான், விடமாட்டார் போல)

கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்க வேண்டும். புட்டியென்றால் ஒரு ராத்திரி விட்டு ஒரு ராத்திரி 20-30 மில்லி குறையுங்கள். 60 மில்லிக்கு வந்ததும் அந்த வேளையை எடுத்துவிடலாம். தாய்ப்பால் என்றால் அதே கணக்கில் இரண்டிரண்டு நிமிடம் குறையுங்கள். ஐந்து நிமிடத்துக்குள் வந்ததும் நிறுத்துங்கள். குறைத்ததைப் பகலில் கொடுத்துவிடுங்கள். பிள்ளை வயிற்றில் கடன் வைக்கக் கூடாது. காய்ச்சல், சளி, ஊர்ப் பயணம் வந்தால் திட்டத்துக்கு விடுமுறை.

பால் மறக்கடிக்க மார்பில் வேப்பெண்ணெய் தடவச் சொல்கிறார் மாமியார்.
(கும்பகோணம் மருமகள்)

தலையில் தடவிக்கொள்ளச் சொல்லுங்கள். வேப்பெண்ணெய் வயிற்றுக்குள் போய்ப் பச்சைக் குழந்தைகளுக்கு வலிப்பு வரை போனது மருத்துவ ஏடுகளில் பதிவாகியிருக்கிறது. கசப்புக்குப் பிள்ளை பயப்படுமோ இல்லையோ, நீங்கள் பயப்படுங்கள்.

புட்டிப் பாலில் ராகிக் கூழைக் கலந்தால் நன்றாகத் தூங்குமா?
(தருமபுரிப் பாட்டி)

உண்ட மயக்கம் மாப்பிள்ளை விருந்துக்குச் சரி, கைக்குழந்தைக்குச் செல்லாது பாட்டி. புட்டியில் கூழ் போனால் புரையேறும் ஆபத்துதான் மிச்சம். ஆறு மாதம் முடிந்ததும் சாயங்காலம் சங்கிலோ கரண்டியிலோ ஊட்டுங்கள். ஒரு வயது வரை தேன் மட்டும் தொட்டுக்கூட வைக்காதீர்கள். பாட்டுலிசம் என்ற நச்சு நோய் வரலாம்.

அந்தக் காலத்தில் கிரைப் வாட்டர் கொடுத்தால் அடித்துப் போட்டாற்போல் தூங்குமே?
(ஓய்வுபெற்ற ஆசிரியர், கரூர்)

தூங்காதா பின்னே? 1851-இல் இங்கிலாந்தில் பிறந்த அந்தச் சரக்கில் அப்போது ஆல்கஹால் இருந்தது.

விடிந்தால் ஆபீஸ் போகிறவன் நான். ராத்திரி எழுந்தால் கட்டுப்படியாகுமா?
(ஓர் அப்பா, சென்னை)

உங்கள் மனைவி விடிந்ததும் குற்றாலம் போகிறாரா? 2017 முதல் சட்டப்படி அம்மாவுக்குச் சம்பளத்தோடு 26 வார மகப்பேறு விடுப்பு, அதுவும் முதல் இரண்டு குழந்தைகளுக்கு. அது முடிந்து அவரும் வேலைக்குப் போகும்போது பிள்ளை ஆறு மாதம்தான். பால் மறக்கடிக்கும் வேலையில் உங்களுக்கு ஒரு தனித் தகுதி இருக்கிறது: உங்கள் மேல் பால் வாசம் கிடையாது. அம்மா வந்தால் பால் வேண்டும் என்பான். அப்பா தோள் என்றால் கொஞ்ச நேரத்தில் சமாதானமாகிவிடுவான். பனியனை மாட்டிக்கொண்டு எழுந்திருங்கள்.

பல் முளைத்தவன் புட்டியை வாயில் வைத்தபடியே தூங்குகிறானே?
(ஈரோடு வாசகி)

முன் பல் நான்கும் சொத்தையாகும். பால் முடிந்ததும் புட்டியைப் பிடுங்கி ஈறையும் பல்லையும் துடைத்துவிடுங்கள்.

பத்து மாதப் பெண். காலை நாலரைக்கே எழுந்து கை தட்டிச் சிரிக்கிறாள்!
(மயிலாடுதுறைத் தாய்)

அந்தச் சிரிப்பில் மயங்கி விளக்கைப் போட்டு, பாலும் கொடுத்தீர்களானால் நாளைக்கும் நாலரைதான். அவள் வயிறு அந்த நேரத்தைக் குறித்துக்கொள்ளும். விடியற்காலையில் தூக்கம் ஏற்கெனவே மெலிந்திருக்கும். ஜன்னல் வெளிச்சம், மார்கழி என்றால் கோயில் குழாய் என்று எதுவும் எழுப்பிவிடும். கெட்டித் திரை போடுங்கள். செல்போன் வெளிச்சம் வேண்டாம், பேச்சும் வேண்டாம். முதல் பாலைச் சில நாளுக்கு ஒருமுறை பத்து நிமிடம் தள்ளிக்கொண்டே போங்கள்.

கணக்கையும் பாருங்கள். அந்த வயதில் பகல் தூக்கமும் சேர்த்து 12 முதல் 16 மணி நேரம் வேண்டும். ஏழு மணிக்கே படுத்தவள் ஐந்துக்கு எழுந்தால் அது குற்றமில்லை, கூட்டல். அதற்காகப் பத்து மணி வரை விழிக்க வைத்தால் அசந்துபோன பிள்ளை இன்னும் சீக்கிரம் எழும்.

மகன் நேற்று ராத்திரி முழுக்கத் தூங்கினான். எனக்குத்தான் மார்பு கட்டி வலியில் தூக்கமில்லை.
(நாகர்கோவில் தாய்)

பால் கட்டியிருக்கிறது. வலி அடங்கும் அளவுக்கு மட்டும் பீய்ச்சி விடுங்கள். முழுக்கக் காலி செய்தால் இன்னும் வேண்டும் போல என்று உடம்பு மறுபடி நிரப்பிவிடும். சிவந்து, காய்ச்சலும் கண்டால் காலையில் டாக்டரிடம் போங்கள். பிள்ளையை அப்பா பார்த்துக்கொள்வார்.