இறக்கை கட்டிய தலைத்துணி

கேள்வி: பழைய படங்களில் சில கன்னியர் தலையில் வெள்ளை இறக்கை விரித்த மாதிரி ஒன்று இருக்கிறதே, காற்றில் பறந்துவிடாதா?
(ஒரு வாசகி, தூத்துக்குடி)

பதில்: பறக்காமல் இருக்கத்தானே அத்தனை கஞ்சி! அதன் பெயர் கொர்னெட். பிரான்சில் 1633-ல் வின்சென்ட் தே பவுலும் லூயிஸ் தே மரிலாக்கும் தொடங்கிய பிறரன்பின் புதல்வியர் சபையார் அணிந்தது. அந்நாளில் கன்னியர் என்றால் மடத்து மதிலுக்குள்தான். இவர்களோ நோயாளி வீட்டுப் படியேற வேண்டியவர்கள். அதனால் வின்சென்ட் முக்காடு கொடுக்கவில்லை. நாட்டுப்புறப் பெண்களைப் போல உடுத்தச் சொன்னார். கொர்னெட்டும் கிராமத்துத் தலைத்துணிதான். ஊர்ப்பெண்கள் காலப்போக்கில் அதை விட்டார்கள், இவர்கள் விடவில்லை. கஞ்சி ஏற ஏற இறக்கையும் அகன்றது. கூட்டத்தோடு கலந்து நிற்கக் கட்டிய துணி, தெருக்கோடியிலேயே ஆளைக் காட்டிக்கொடுத்தது!

அதோடு குறுகலான வாசலில் பக்கவாட்டில் திரும்பி நுழைந்து, கட்டிலில் கிடப்பவர் முகத்தில் இடிக்காமல் குனிந்து ஊட்டியதை நினைத்துப் பாருங்கள். தலையில் ஒரு கஞ்சி, கையில் ஒரு கஞ்சி! எனக்கு அந்தக் கைகள்மேல்தான் மரியாதை.

1964-ல் எளிய நீல முக்காட்டுக்கு மாறினார்கள். இப்போது நோயாளி முணுமுணுத்தாலும் காதை அருகே கொண்டுபோகலாம்.