மூணுல ஒண்ணு மக்கர் பண்ணுது

ஏங்கண்ணு, கையில கறுப்பு உறை, நெத்தியில டார்ச்சு, பானெட்டு ஓரத்துல படம் புடிக்கறதுக்குப் போனு. வண்டி பாக்கப் போறியா, ஆபரேசன் பண்ணப் போறியா? வண்டி மிஸ் அடிக்குது, அவ்வளவுதான? அதுக்கு ஏண்டா இத்தன ஆர்ப்பாட்டம்?

இதுவரைக்கும் என்ன பண்ணுனேன்னு கேட்டா நெம்பப் பெருமையாச் சொல்றே. டேங்குல டப்பா மருந்து ஊத்தியாச்சு. ப்ளூடூத்து ஸ்கேனரு வாங்கியாச்சு. அது பி0303னு காட்டுனதும் அதையே ஸ்டேட்டஸ்ல போட்டாச்சு. மூணு காயிலும் ஆர்டர் குடுத்தாச்சு. ஒரு பிளக்கையாச்சும் கழட்டிப் பாத்தியா? இன்னும் இல்லைங்கறே. குடிக்கறது கூழு, கொப்புளிக்கறது பன்னீரு.

சித்தெ உக்காரு, சொல்றேன். எஞ்சினுக்கு என்ன வேணும்? காத்து, பெட்ரோலு, பொறி, காத்தையும் பெட்ரோலையும் உள்ள வெச்சு அமுக்கற அமுக்கம். நாலுல ஒண்ணு கொறஞ்சாலும் அந்த சிலிண்டரு வேலைக்கு மட்டம் போட்டுரும். உன்ற வண்டிக்கு மூணு சிலிண்டரு. நின்ன எடத்துல நிமிசத்துக்கு 800 சுத்துன்னு வெச்சுக்க. ரெண்டு சுத்துக்கு ஒருக்கா ஒவ்வொண்ணும் வெடிக்கோணும். மூணுக்கும் சேத்து 1200 வெடி. ஒருத்தன் படுத்துட்டான்னா 400 போச்சு. அப்பறம் வண்டி குலுங்காம கும்மியா அடிக்கும்?

ஸ்கேனரை நான் கொறை சொல்லல. அது காட்டுன கோடுல கடைசி எண்ணு எத்தனையோ அத்தனையாவது சிலிண்டர்ல கோளாறு. பி0300ன்னு வந்தா ஒரு எடம்னு இல்லாம அங்கங்க விட்டு விட்டுப் போகுதுன்னு அர்த்தம். எந்த வீட்டுல அழுகைச் சத்தம்னு அது சொல்லிப்போடும். ஏன் அழுகறாங்கன்னு நீதான் போய்ப் பாக்கோணும். காயில மாத்துன்னு அது சொல்லுச்சா? நீயாச் சொல்லிக்கிட்டே.

காயில் கெட்டுப் போச்சான்னு பாக்கக் கால் காசு வேண்டாம். உன்ற வண்டியில ஒவ்வொரு பிளக்கு தலையிலயும் தனித்தனியா ஒரு காயில் உக்காந்திருக்குது. எஞ்சின அமத்திட்டு, மூணாவதுல இருக்கறத ஒண்ணாவதுல போடு, ஒண்ணாவதுல இருக்கறத மூணாவதுல போடு. ஒயரைப் புடிச்சு இழுக்காத, கிளிப்பை அமுக்கிக் கழட்டு. பழைய கோடை அழிச்சுட்டு ஒரு ஓட்டு ஓட்டிப் பாரு. இப்ப பி0301னு வந்துச்சுன்னா காயில்தான் கள்ளன். அதே பி0303லயே நின்னா காயில் மேல பழி போடாத. அடுத்தாப்புல பிளக்கை இதேமாரி எடம் மாத்து. ஒரு தடவைக்கு ஒண்ணுதான். எல்லாத்தையும் ஒரே நாள்ல மாத்திப்போட்டு வண்டி சரியாயிருச்சுன்னு துள்ளறவனுக்கு, எதுனால சரியாச்சுன்னு தெரியுமா?

பிளக்கு விசயத்துக்கு வா. எஞ்சின் நல்லா ஆறட்டும். ஹெட்டு அலுமினியம், சூட்டோட திருகுனா மரை உருவிக்கிட்டு வந்துரும். குழிக்குள்ள கெடக்கற மண்ணையும் தூசியையும் மொதல்ல காத்தடிச்சு வெளிய தள்ளு. இல்லைன்னா பிளக்கு வெளிய வரும், மண்ணு சிலிண்டருக்குள்ள போகும். குழியில ஆயில் நிக்குதா? மேல் மூடி கேஸ்கெட்டு கசியுது. அந்த ஆயில்ல ஊறி ஊறித்தான் காயில் ரப்பரு கெட்டுப் போகும். கேஸ்கெட்டை விட்டுட்டு காயில மட்டும் மாத்துனா புதுசும் அதே கதிதான்.

கழட்டுன பிளக்கை வெயில்ல புடிச்சுத் திருப்பிப் பாரு. நுனிப் பீங்கான் இளங்காப்பி நெறத்துல, கொஞ்சம் சாம்பல் பூத்து இருந்தா உள்ள எரியறது நல்லா எரியுது. வறண்ட கரி அப்பியிருந்தா பெட்ரோலு சாஸ்தி, காத்து கம்மி. ஏர் பில்டரை எடுத்துத் தட்டிப் பாரு, எத்தன நாளாச்சோ. பிசுபிசுன்னு எண்ணெ இருந்தா ரிங்கோ, வால்வு சீலோ தேஞ்சு ஆயில் உள்ள எறங்குது. வெள்ளை வெளேர்னு வெந்து கெடந்தா பெட்ரோலு பத்தல, சூடு சாஸ்தி. பெட்ரோல்ல நனைஞ்சு வாசம் தூக்குதா? பெட்ரோலு வருது, பத்த வெக்க ஆளில்ல. பீங்கான்ல மயிரிழைக் கீறல் இருக்குதான்னு நகத்தால தடவிப் பாரு. பொறி நுனிக்குப் போகாம அந்தக் கீறல் வழியா ஓடிரும். இதையெல்லாம் எந்த ஸ்கேனரு சொல்லும்?

1980ல டிவிஎஸ் 50 வந்துச்சு. ஆயில் கலந்த பெட்ரோல்ல ஓடற வண்டி, பிளக்குல கரி புடிக்காம என்ன செய்யும்? இட்டேரியில நிறுத்தி, பிளக்கைக் கழட்டி, உப்புத்தாள்ல ரெண்டு தேய்ப்பு தேச்சு மாட்டிட்டு வேட்டிய மடிச்சுக் கட்டிக் கெளம்பிருவாங்க. யாரும் ஸ்டேட்டஸ் வெக்கல. ஆனா அந்த வைத்தியத்த உன்ற வண்டி இரிடியம் பிளக்குல காட்டீராத. அதோட நடு நுனி ஒரு மில்லிமீட்டர் தடிமன்கூட இருக்காது. உப்புத்தாள் பட்டா பிளக்கு குப்பைக்குத்தான். இடைவெளி எத்தனைன்னு வண்டிப் பொஸ்தகத்துல போட்டிருக்கும். பளபளன்னு அச்சடிச்சுக் குடுத்தாங்களே, கவர்கூடப் பிரிக்காம வெச்சிருக்கறயே, அதுதான்.

திருப்பி மாட்டறப்ப விரலாலயே கடைசி வரைக்கும் திருகு. மரை ஏறாம முரண்டு புடிச்சா கழட்டி மறுபடியும் போடு. வாசர் வெச்ச புதுப் பிளக்குன்னா உக்காந்த பொறவு ஸ்பேனர்ல அரைச் சுத்து, மிஞ்சிப்போனா கொஞ்சம் கூட. ஜிம்முல காட்டற வீரத்தை இங்க காட்டாத.

பொழுதோட உன்ற சித்தப்பன் பைக்கையும் பாத்துக் குடு. மழை பேஞ்சா மட்டும் மிஸ் அடிக்குதுன்னு பொலம்பிட்டிருக்கறான். கும்மிருட்டுல, வெட்டவெளியில நிறுத்தி ஸ்டார்ட் பண்ணி, பிளக்கு கேப்பு மேல லேசாத் தண்ணி தெளி. நீலமாப் பொறி ஓடுனா கேப்பு வெடிச்சுப்போச்சுன்னு அர்த்தம். கண்ணால பாரு, கையால தொடாத. 10,000 வோல்ட்டுக்கு மேல இருக்கும். பக்கத்துல பெட்ரோல் கேனும் வேண்டாம், பீடியும் வேண்டாம். கதவு சாத்துன செட்டுக்குள்ள வண்டிய ஓட விட்டுப் பாக்கறதும் வேண்டாம். அந்தப் பொகை ஆளையே சாய்ச்சுப்போடும்.

உன்ற வண்டிக்கே வர்றேன். நின்ன எடத்துல குலுங்குது, ஆக்சிலேட்டரு குடுத்தாச் சரியாயிருதா? எங்கயோ ரப்பர் குழாய் கீறி, கணக்குல இல்லாத காத்து உள்ள போகுது. காதைக் குடுத்துக் கேளு, உஸ்ஸுன்னு சத்தம் வரும். அந்த ஹெட்போனைக் கழட்டிட்டுக் கேளு.

மாசக்கணக்குல நிறுத்தி வெச்ச வண்டின்னா பெட்ரோலையும் சந்தேகப்படு. இப்ப பங்க்குல வர்ற பெட்ரோல்ல 20 சதவீதம் வரைக்கும் எத்தனால் கலக்கறாங்க. அது தண்ணிய இழுத்து வெச்சுக்கும். தண்ணி மிஞ்சுச்சுன்னா டேங்கு அடியில தனியாப் பிரிஞ்சு நிக்கும். அதுக்கு மேல டப்பா மருந்து ஊத்துனா ஆச்சா?

எஞ்சின் லைட்டு மினுக்கி மினுக்கி எரிஞ்சா மட்டும் ஓட்டிப் பாக்கற வேலையே வேண்டாம். எரியாத பெட்ரோலு சைலன்சர் கன்வெர்ட்டருக்குள்ள போய் எரிஞ்சு அதை உருக்கிரும். பிளக்கு வெலை நூறுகள்ல, கன்வெர்ட்டர் வெலை பல ஆயிரத்துல.

இத்தனையும் பாத்தும் மூணாவது சிலிண்டரு எந்திரிக்கலையா? காயில், இஞ்செக்டரு கனெக்சனக் கழட்டிட்டுக் கம்ப்ரசன் கேஜு வெச்சுப் பாரு. கம்மியாக் காட்டுனா பிளக்குக் குழி வழியா ஒரு ஸ்பூன் எஞ்சின் ஆயில் ஊத்தி மறுபடியும் பாரு. முள்ளு ஏறுனா ரிங்கு. ஏறலைன்னா வால்வோ, ஹெட் கேஸ்கெட்டோ. அதோட உன்ற வேலை முடிஞ்சுது. வீட்டு வாசல்ல எஞ்சினப் பிரிக்காத. நேரா மெக்கானிக்குகிட்டப் போ. “மூணாவதுல கம்ப்ரசன் கம்மி, ஆயில் ஊத்துனா ஏறுது”ன்னு இந்த ஒரு வரியச் சொல்லு, போதும். அப்படிச் சொல்றவன் தலையில யாரும் லேசுல காயில் பில்லைக் கட்ட மாட்டாங்க.