காலி வயிற்றுக் கிட்டார்

நெல்லில் ஆடுதுறை 36, சி.ஆர். 1009 என்று ரகம் இருப்பதுபோல, தஞ்சாவூர்ப் பக்கத்துக் கிட்டார்க்காரர்களிலும் ரகம் உண்டு. கல்லூரி ஆண்டுவிழாவோடு அறுவடை முடிந்துவிடுகிற குறுவை ரகம் ஒன்று. ஞாயிறு தவறாமல் சர்ச்சில் வாசிக்கிற ரகம் இன்னொன்று. மூன்றாவது ஹாலோபாடிக்காரர். நீண்டகாலப் பயிர். ஐம்பது வயதை நெருங்கும்போதுதான் பால் பிடிக்கும்.

நம்மவர் அந்த ரகம். தொண்ணூறுகளில் திருவிழா இன்னிசைக் கச்சேரிகளில் வாசித்தவர். கீபோர்டுக்காரர் ஒருவரே புல்லாங்குழல் முதல் தவில் வரை வாசிக்க ஆரம்பித்ததும் கூட்டுறவுச் சங்கத்துக் குமாஸ்தா ஆனார். சட்டைப்பையில் பேனாவுக்குப் பக்கத்தில் ஒரு ஸ்க்ரூ டிரைவர் இருக்கும். சாதாரண எலெக்ட்ரிக் கிட்டாரை ‘கட்டை’ என்பார், தேறாத பிள்ளையைப் பற்றிப் பேசுகிற குரலில். உள்ளே குடைவாக, முகத்தில் வயலின் மாதிரி இரண்டு எஃப் துளையோடு இருப்பதுதான் அவருக்குக் கிட்டார். 1936-ல் கிப்சன் கம்பெனி இஎஸ்-150 என்ற குடைவு எலெக்ட்ரிக் கிட்டாரைக் கொண்டுவந்ததையும், சார்லி கிறிஸ்டியன் அதை வைத்துக்கொண்டு ஜாஸில் கிட்டாரை முன்வரிசைக்கு இழுத்ததையும், போன வாரம் கீழவாசலில் நடந்த சண்டை மாதிரி சொல்வார்.

அவர் சம்பளத்துக்குக் கிப்சன் கிடையாது. ஒரு காலத்தில் கல்கத்தா தயாரிப்பான கிவ்சன் வைத்திருந்தார். “ஒரே ஒரு எழுத்து சார். அதுக்கு ரெண்டு லட்சம் கேக்கறான்.” இப்போது தேடுவது சீனாவில் செய்து வருகிற ஐபனெஸ் ஆர்ட்கோர், அதுவும் செகண்ட் ஹேண்டில்.

தேடும்போது மனிதர் நேரடி நெல் கொள்முதல் நிலையமாகவே மாறிவிடுவார். ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டினால் மூட்டையைத் திருப்புகிற அதே முகம். அன்றைய பேப்பரைப் பக்கத்தில் வைத்து எடுத்த வீடியோ வேண்டும், சீரியல் நம்பர் வேண்டும். நேரில் போனால் கழுத்தை ஒற்றைக் கண்ணால் நோட்டம் விடுவார். கழுத்தும் தலையும் சேரும் இடத்தில் ஒட்டுப்போட்ட விரிசல் இருக்கிறதா என்று நகத்தால் தடவுவார். முதல் மெட்டையும் கடைசி மெட்டையும் அழுத்திக்கொண்டு நடுவில் எவ்வளவு இடைவெளி என்று பார்ப்பார். பிரிட்ஜுக்குக் கீழே முகப்பலகை உள்வாங்கியிருக்கிறதா என்று ஸ்கேல் வைப்பார். குமிழ்களைத் திருகிக் ‘கரகர’ கேட்டால் 500 ரூபாய் குறையும். கடைசியாக ‘இளைய நிலா’ ஆரம்பம் வாசிப்பார். 1982-லிருந்து தமிழ்நாட்டில் கைமாறுகிற எந்தக் கிட்டாரும் அந்தப் பரீட்சைக்குத் தப்பியதில்லை.

ஒருமுறை போனில் ஒருவன், “மிலிட்டரில இருக்கேன் சார், ட்ரான்ஸ்ஃபர். அட்வான்ஸ் போடுங்க. வேணாம்னா இந்த க்யூஆரை ஸ்கேன் பண்ணி பின் நம்பர் அடிச்சா பணம் உங்களுக்கே திரும்பி வந்துடும்” என்றான். நம்மவர் அசரவில்லை. “தம்பி, எங்க சங்கத்துல பணம் போட ஒரு சீட்டு, எடுக்க ஒரு சீட்டு. பின் நம்பர் எடுக்கற சீட்டு. போட வர்றவன்கிட்ட அதை நாங்க கேக்கறதில்லை.” எதிர்முனையில் இந்திய ராணுவம் பின்வாங்கியது.

கடைசியில் சென்னையில் 22,000 ரூபாய்க்குப் படிந்தது. உழவன் எக்ஸ்பிரஸில் பெர்த்தில் கிட்டார் படுத்துக்கொண்டது, இவர் அதன் கால்மாட்டில் தஞ்சாவூர் வரை உட்கார்ந்து வந்தார்.

பிறகுதான் வைத்தியம். ஐப்பசி மழையில் மரம் ஊறிவிடும் என்று யாரோ சொல்ல, டெல்டாக்காரன் சிலிக்கா ஜெல்லுக்குக் காசு கொடுப்பதா என்று பொன்னி அரிசியைத் துணியில் முடிந்து உள்ளே தொங்கவிட்டார். முடிச்சு அவிழ்ந்தது. எஃப் துளை வழியாக அரிசியை வெளியேற்ற, கிட்டாரைக் கவிழ்த்து நான்கு நாள் உண்டியல் மாதிரி குலுக்கினார். “என்னங்க, இன்னும் ஒரு பிடி வந்தா சொல்லுங்க, உலை வெச்சுடறேன்” என்றார் மனைவி.

பிக்கப் மாற்றப் போனார். இந்த ஜாதிக் கிட்டாருக்குப் பின்னால் மூடி கிடையாது. ஒயரும் குமிழும் எஃப் துளை வழியாகத்தான் வந்து போகவேண்டும். திரும்ப இழுத்து உட்காரவைக்க மெல்லிய குழாய் தேவை. மெடிக்கல் ஷாப்பில் டிரிப்ஸ் ட்யூப் கேட்டார். கடைக்காரர் பதறிப்போய், “யாருக்கு சார்?” என்றார். “கிட்டாருக்கு.” ட்யூப் மலிவாகவே கிடைத்தது. ஆனால் ஆறு கம்பியையும் ஒரே நேரத்தில் கழற்றியதில் பிரிட்ஜ் பொத்தென்று விழுந்தது. அதை ஒட்டவோ முடுக்கவோ இல்லை, கம்பிகளின் அழுத்தம்தான் பிடித்து வைத்திருந்தது. சுருதி சேரும் பழைய இடத்தைக் கண்டுபிடிக்க இரண்டு நாள் ஆயிற்று.

எங்கள் வீட்டில் பாட்டியின் வீணை இருப்பதால் என்மேல் அவருக்குத் தனி மரியாதை. தேன்மெழுகில் 24 மெட்டையும் பதித்து மேளம் கட்ட ஆசாரி வருகிற நாளில், அழைக்காமலே வந்து உட்கார்ந்துவிடுவார். குடத்தைத் தட்டிப் பார்ப்பார். “பலா சார், பண்ருட்டிப் பலா! வெள்ளைக்காரன் 1936-ல கண்டுபிடிச்சதை நம்ம ஊர்ல எப்பவோ குடைஞ்சு வெச்சுட்டாங்க.” ஆசாரி நிமிர்ந்தே பார்க்கமாட்டார்.

சித்திரையில் வடவாற்றங்கரைக் கிராமம் ஒன்றில் பழைய கோஷ்டி மறுபடி கூடியது. நானும் போயிருந்தேன். ஸ்பீக்கரைத் திறந்ததும் கிட்டார் ஊளையிட்டது. ஸ்பீக்கர் சத்தம் காலி வயிற்றுக்குள் புகுந்து முகப்பலகையை ஆட்ட, அந்த ஆட்டத்தைப் பிக்கப் மறுபடி ஸ்பீக்கருக்கே அனுப்ப, ஊர் நாய்கள் பதில் சொல்லத் தொடங்கின. மைக் செட் பையன் மேடையேறினான். “ஹவ்லிங்ணே.” தன் தோளில் கிடந்த துண்டைக் கிழித்து இரண்டு துளையிலும் கைகொண்டமட்டும் திணித்தான். ஊளை நின்றது. அன்று அவர் வாசித்ததைக் குறைசொல்ல முடியாது.

இறங்கும்போது பையன் கேட்டான்: “இப்ப நல்லா இருக்குண்ணே. ஆனா உள்ள காலியா இருக்குதுன்னுதானே இதை வாங்குனீங்க?”

அவர் பதில் சொல்லவில்லை. பஸ்ஸிலும் பேசவில்லை. மறு வாரம் சங்கம் விட்டதும் நேராக என் வீட்டுக்கு வந்தார். 1958-ல் கிப்சன்காரர்களே இஎஸ்-335 என்று ஒன்று செய்தார்களாம். இரண்டு பக்கமும் குடைவு, நடுவில் மட்டும் நெடுக மேப்பிள் கட்டை. ஊளை வெகுவாகக் குறையுமாம்.

“சார், உங்க வீணை ஆசாரிகிட்ட ஒரு முழம் பலாக்கட்டை கேட்டு வாங்கித் தரமுடியுமா?” என்றார். கொஞ்சம் யோசித்து, “எஃப் துளை வழியாப் போறமாதிரி, துண்டு துண்டா” என்றார்.