மாப்பிள்ளை குடிப்பாரா?

திருவிடந்தை நித்யகல்யாணப் பெருமாள், காலவ ரிஷியின் 360 பெண்களையும் நாளைக்கு ஒருவராக மணந்தவர் என்கிறது தலபுராணம். ஒருவரைக்கூட அவர் தட்டிக்கழித்ததாகத் தெரியவில்லை. அதே ஊர்க்காரர்தான் நம் 'இன்ஜின் அண்ணன்'. பழைய கார் வாங்கப் போகிறவர்கள் துணைக்கு இவரைத்தான் அழைத்துப் போவார்கள். இதுவரை எந்தக் காருக்கும் இவர் தலையாட்டியதில்லை.

"நான் வர்ற வரைக்கும் செல்ஃப் அடிக்கக் கூடாது" என்பது முதல் நிபந்தனை. போனதும் பானட்டில் புறங்கையை வைப்பார், பிள்ளைக்குக் காய்ச்சல் பார்ப்பதுபோல. சுட்டால் புரோக்கர் தொலைந்தார்.

"ஓட்டி சூடாக்கி வெச்சிருக்கே. ஆறின இன்ஜின்தான்யா உண்மை பேசும்!"

"டாக்டர் வெச்சிருந்த வண்டி சார், சிங்கிள் ஓனர்."

"அவருக்கு நாடி தெரியும். டேப்பட் சத்தம் தெரியுமா?"

அடுத்து ஆயில் மூடியைத் திறப்பார். உள்ளே பால் காப்பி நிறத்தில் கொழகொழவென்று இருந்தால் ஆயிலில் தண்ணீர் கலந்திருக்கலாம். ஹெட் கேஸ்கெட் போயிருக்கும் என்று சந்தேகம். பிறகு துண்டை விரித்துப் படுத்து அடித்தட்டைச் சுரண்டுவார். கடற்காற்று உப்பு இன்ஜினை விட்டாலும் தகரத்தை விடாதாம்.

கடைசியில்தான் புகைப் பொருத்தம். காலையில் லேசான வெள்ளைப் புகை வெறும் நீராவி. சூடான பின்னும் நிற்காவிட்டால் கூலன்ட் உள்ளே கசிகிறது. கறுப்பு என்றால் பெருந்தீனிக்காரன், டீசலை முழுங்குகிறான். நீலம் என்றால் ஆயில் குடிக்கிறான்; பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்கும். "பெருந்தீனியைக்கூடத் திருத்திடலாம் தம்பி. குடிகார மாப்பிள்ளைக்கு யாராவது பொண்ணு குடுப்பாங்களா?"

போன வாரம் எனக்காக ஒரு கார் பார்த்தார். பானட் ஜில்லென்று இருந்தது. மூடி சுத்தம், தகரம் கெட்டி. புரோக்கர் முகத்தில் கல்யாணக் களை. அண்ணன் ஆக்சிலேட்டரை மிதித்து, விட்டு, மறுபடி மிதித்தார். பின்னால் நூலிழையாய் நீலம்.

"குடி இருக்கு. வாங்க போலாம்."

நித்யகல்யாணப் பெருமாள் கோயிலில் மாலை போட்டு ஒன்பது சுற்று சுற்றியவர்கள், கல்யாணம் முடிந்து அந்தப் பழைய மாலையோடு ஜோடியாக வந்து நிற்பார்கள். நான் அண்ணனோடு பதினோரு கார்களைச் சுற்றிவிட்டேன். இன்னமும் பஸ்தான்.

அண்ணன் தன் பழைய மொபெட்டை மிதித்துக் கிளப்பினார். தெருவே நீலமானது.

"அண்ணே, இது..?"

"டூ ஸ்ட்ரோக் தம்பி. பெட்ரோல்லயே ஆயிலைக் கலந்துதான் ஊத்தணும். இது குடி இல்லே, மருந்து."