மாமியார் கட்சி

கேள்வி: பச்சரிசிச் சோறு மல்லிகைப்பூ மாதிரி இருக்கிறது. மாமியாரோ புழுங்கலரிசிதான் சத்து என்று ஒரே பிடிவாதம். நீங்கள் யார் கட்சி?

பதில்: மாமியார் கட்சி! சாட்சி சொல்ல ஜாவாவிலிருந்து கோழிகளே வருகின்றன.

1890-ஐ ஒட்டி, ஜாவாவின் பட்டாவியாவில் டச்சு மருத்துவர் ஐக்மான் பெரிபெரி நோயை ஆராய்ந்துகொண்டிருந்தார். ஒருநாள் அவருடைய கோழிகளே பெரிபெரி நோயாளிகளைப் போலக் கால் துவண்டு தள்ளாடின. பிறகு தாமாகவே தேறின. என்ன மாயம்? ராணுவ மருத்துவமனையில் மிஞ்சிய வெள்ளைச் சோறுதான் அதுவரை அவற்றுக்குத் தீனி. புதிதாக வந்த சமையல்காரரோ, "ராணுவச் சோறு சிவிலியன் கோழிக்கு எதற்கு?" என்று நிறுத்திவிட்டார். தீட்டாத அரிசிக்கு மாறியதும் கோழிகள் எழுந்து நடந்தன. தீட்டாத அரிசியின் தவிட்டில் இருந்த ஒரு சத்துதான் அவற்றைத் தேற்றியது; அதுதான் தயாமின், அதாவது வைட்டமின் பி1. 1929-இல் ஐக்மானுக்கு நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. அந்தச் சமையல்காரருக்கும் ஒரு மாலை போட்டிருக்கலாம்!

நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது தவிட்டிலுள்ள பி1 அரிசிக்குள்ளே இறங்கிவிடுகிறது. அப்புறம் மில்லில் தீட்டினாலும் கணிசமான பங்கு தங்கும். நமக்கு ஒரு நாளைக்குத் தேவை ஒரு மில்லிகிராமுக்குச் சற்று அதிகம், அவ்வளவுதான். பச்சரிசியில் மிஞ்சுவதே கொஞ்சம். அதையும் நாலு தண்ணீர் விட்டு அலசினால் கழுநீர்ப் பானையோடு மாட்டுக்குப் போய்விடும். மாடு நன்றாக இருக்கட்டும், நீங்களும் இருக்க வேண்டாமா?

பச்சரிசியை விட மனமில்லை என்றால் பருப்பை இன்னொரு கரண்டி ஊற்றிக்கொள்ளுங்கள், ஒரு கைப்பிடி வேர்க்கடலையும் சேருங்கள்.