மதில் மேல் குடும்பம்: ஓர் ஆராய்ச்சி

ஸ்பெயின் தேசத்தில், மாட்ரிட் மாநகருக்கு வடமேற்கே, கடல் மட்டத்திற்குமேல் சுமார் 1,130 மீட்டர் உயரத்தில் அமைந்து, அந்நாட்டு மாகாணத் தலைநகரங்கள் யாவற்றினும் உயர்ந்தது என்னும் கீர்த்தி பெற்ற ஆவிலா நகரத்தை, ஏறக்குறைய இரண்டரைக் கிலோமீட்டர் சுற்றளவுள்ள கல்மதில் ஒன்று வளைந்து நிற்கிறது. அம்மதிலின் பிரயோஜனம் யாது என்பதே ஈண்டு நாம் ஆராயப் புகும் பொருள்.

பகைவரைத் தடுத்தற்பொருட்டு 11, 12-ஆம் நூற்றாண்டுகளில் எழுந்தது அது என்பது சரித்திராசிரியர்களின் பூர்வபட்சம். சராசரி 12 மீட்டர் உயரமும் 3 மீட்டர் கனமும் ஒன்பதே வாயில்களும் அதற்குச் சான்று என்பர். எனினும், பகைவர் வரவு நின்று பல நூற்றாண்டுகள் கழிந்த பின்னரும் சனிக்கிழமைதோறும் மாட்ரிடிலிருந்து குடும்பங்கள் வந்து குவியும் காரணத்தை அப்பூர்வபட்சம் விளக்குமாறில்லை. குடும்பம் சிதறாமல் காத்தலே மதிலின் பிரயோஜனம் என்பது நம் சித்தாந்தம். இதனைப் பிரத்தியட்சம், அனுமானம், ஆகமம் என்னும் மூவகைப் பிரமாணங்களாலும் நிறுவுவோம்.

முதலாவது பிரத்தியட்சம். மதிலின்மேல் ஏறியோர்க்கு முன்னே செல்லலாம், பின்னே திரும்பலாம். பக்கத்தில் நழுவ வழியில்லை. ஆதலின், வழிகாட்டிப் புத்தகத்தை உரக்க வாசித்துச் செல்லும் தந்தையும், கொத்தள இடுக்கில் தலை நுழையுமா என்று பரீட்சிக்கும் இளைய மகனும், அவன் சட்டைக் காலரை விடாது பற்றிய தாயும், ஆதாஹா நதியின் அழகை ரசிப்பதாகச் சொல்லிப் படியில் அமர்ந்து முழங்காலை நீவிக்கொள்ளும் பாட்டியும் ஒருவர் பார்வையிலிருந்து ஒருவர் தப்புதல் அரிது. மூத்த பிள்ளைகள் இருவரும் மதிற்கோபுரங்கள் எத்தனை என்று கலகம் விளைப்பர். 87 என்றும் 88 என்றும் நூல்களே வேறுபடுதலின், அவர்களை நாம் கடிந்துகொள்ளல் தகாது.

இரண்டாவது அனுமானம். புகையுள்ள இடத்தில் நெருப்பு உண்டாதல் போல, யேமா விற்கும் கடையுள்ள இடத்தில் காணாமற்போன பையன் உண்டு. முட்டை மஞ்சட்கருவைச் சர்க்கரைப் பாகில் கிளறி, சிறு உருண்டையாக்கிக் காகிதக் கிண்ணத்தில் அடுக்கி வைக்கும் அத்தின்பண்டம் தெரேசா புனிதையின் பெயரால் வழங்குகிறது. மதிலுக்கு உட்பட்ட நகரம் சிறிது. ஆகவே, தேடுவோர் கண்ணாடிப் பெட்டிகளின் முன்னே தேடினாற் போதும்.

மூன்றாவது ஆகமம். இந்நகரத்துக் குடும்பம் ஒன்றில் 1515-இல் பிறந்த அத்தெரேசா, ஏழு வயதளவில், முஸ்லிம்களாகிய மூர்களின் நாட்டிற்குப் போய்த் தலை வெட்டுண்டு சுவர்க்கம் சேர்வதென்று தம் சகோதரனோடு துணிந்ததையும், அம்முயற்சிக்குப் பெற்றோர் இருப்பதே பேரிடையூறாகத் தோன்றியதையும் தம் சுயசரிதையிலேயே எழுதியுள்ளார். நதிக்கு அப்பால், நான்கு தூண்கள் எனப்படும் இடத்தில், தந்தையின் சகோதரர் இருவரையும் பிடித்து வீடு சேர்த்தார் என்பது ஐதிகம். பின்னாளில் மடங்கள் பல நிறுவி, 1622-இல் புனிதையாகவும் 1970-இல் திருச்சபையின் மறைவல்லுநராகவும் போற்றப்பட்ட அம்மாதரசிக்கே குடும்பம் விடுதலை அளிக்கவில்லை எனின், ஏனையோர் எம்மாத்திரம்!

குழந்தைகள் மதிலைத் தாண்டிவிட்டனரே, சித்தாந்தம் பழுதாயிற்றே என்று ஆட்சேபிப்பார் உளர். ஆட்சேபம் நியாயமானதே. ஆகவே, மதில் தாமதப்படுத்துமேயன்றித் தடுக்கமாட்டாது என்றும், அதன் காரியம் பூர்த்தியாவதற்குத் தந்தையின் சகோதரர் ஒருவர் இன்றியமையாதவர் என்றும் சித்தாந்தத்தைத் திருத்திக்கொள்கிறோம். குழந்தைகளோடு ஆவிலாவுக்குப் பிரயாணமாகும் வாசகர்கள் ஒரு சிற்றப்பாவைத் தவறாது உடனழைத்துச் செல்வார்களாக. சிற்றப்பா அகப்படாதவர்கள் பெரியப்பாவையேனும் அழைத்துச் செல்லலாம், அவருக்கு ஓடத் தெரிந்திருந்தால்.