ஆமை புகுந்த வீடு

பொதுமக்கள் கருத்துக்கேட்பு என்றால் என்னவென்று குமரி மாவட்டத்துப் புதுக்கடைக்காரர்களுக்கு யாரும் வகுப்பெடுக்க வேண்டாம். 1954 ஆகஸ்ட் 11 அன்று, எங்களைத் தமிழ்நாட்டோடு சேர்த்துவிடுங்கள் என்று கேட்டவர்களுக்குத் திருவிதாங்கூர்-கொச்சி அரசு இங்கேயும் மார்த்தாண்டத்திலும் துப்பாக்கியால்தான் பதில் சொன்னது. உயிர்கள் போன பிறகு, 1956இல் கேட்டது கிடைத்தது.

1989 மே 1 அன்று கடற்கரைக்காரர்களின் முறை வந்தது. இழுவைமடி கடலடியை வழித்தெடுக்கிறது, அதை அடக்குங்கள் என்று கேட்டபடி இரண்டு கடலோரங்களிலிருந்தும் வந்த மீனவர்கள் கன்னியாகுமரியில் கூடினார்கள். அங்கேயும் துப்பாக்கிச் சூடு. அதே வருஷக் கடைசியில் அமெரிக்காவில் ஒரு சட்டம் வந்தது: ஆமையைக் கொல்லும் வலையில் பிடித்த இறாலை வாங்க மாட்டோம். இழுவைமடியைப் பற்றி மீனவன் பேசினால் குண்டு. பங்குனி ஆமை சார்பில் பேசினால் சட்டம்.

அந்தச் சட்டத்தால் இறால் வியாபாரம் படுத்ததும் இந்தியா, பாகிஸ்தான், மலேசியா, தாய்லாந்து நாலும் ஜெனீவாவுக்கு ஓடின. காஷ்மீரில் ஒத்துப்போகாத இருவர் இறாலில் ஒத்துப்போனது சாதாரணக் காரியமா? அங்கே உலக வர்த்தக அமைப்பு 1996 ஜூலையில்தான் தொண்டு நிறுவனங்களோடு பழக விதி எழுதி முடித்திருந்தது. கல்யாணத்துக்கு அவசியம் வரணும், பந்தியில் மட்டும் உட்காரக் கூடாது என்கிற மாதிரி விதி. தகவல் தருவோம், பேசுவோம், ஆனால் கூட்டத்தில் நேரடிப் பங்கு முடியாது.

ஆமைப் பிரியர்கள் விடவில்லை. யாரும் கேட்காமலே மனு போட்டார்கள். 1998 மே மாதம் விசாரணைக் குழு, கேட்காத மனுவை வாங்க மாட்டோம் என்றது. அக்டோபரில் மேல்முறையீட்டு அமைப்பு, இஷ்டமிருந்தால் வாங்கலாம் என்றது. ஆமை புகுந்த வீடும் அமீனா புகுந்த வீடும் உருப்படாது என்பார்கள். ஜெனீவாவில் இரண்டும் சேர்ந்தே புகுந்தன. அமெரிக்கா தோற்றது ஆமையால் அல்ல, ஓரவஞ்சனையால். வலையை மாற்றக் கரீபியன் நாடுகளுக்கு மூன்று வருஷம் கொடுத்துவிட்டு ஆசியாவுக்கு நாலே மாதம் கொடுத்திருந்தது.

ஆமைக்கு வக்கீல் இருந்தார், இறாலுக்கு நாலு அரசாங்கம் இருந்தது. குமரிக் கடலோர இனயத்தில் வள்ளம் தள்ளுகிறவனை இரண்டு தரப்பும் விசாரிக்கவில்லை.

1999 நவம்பர் 30 அன்று சியாட்டிலில் அட்டை ஓடு மாட்டி ஆமை வேஷம் போட்டவர்களும் மற்றப் போராட்டக்காரர்களும் தெருவை அடைத்ததில் உலக வர்த்தக அமைப்பின் அமைச்சர்கள் மாநாட்டுத் தொடக்க விழாவே ரத்தானது. ஆமைகளுக்கும் கண்ணீர்ப்புகை கிடைத்தது. மறு வருஷம் கல்நார் வழக்கில், மனு போட அனுமதி கேட்டு எழுதலாம் என்று மேல்முறையீட்டு அமைப்பு முறைப்படி அறிவித்தது. உறுப்பு நாடுகள் கூடிக் கத்தின. வந்த விண்ணப்பங்களில் ஒன்றுகூட ஏற்கப்படவில்லை. எழுதச் சொன்னதும் அவர்கள்தான், மறுத்ததும் அவர்கள்தான்.

2022 ஜூனில் மீன்பிடி மானியத்தைப் பற்றி அதே ஜெனீவாவில் முடிவெடுத்தார்கள். 2001இல் தோஹாவில் தொடங்கிய பேச்சு. இந்திய மீனவக் குடும்பம் ஒன்றுக்கு வருஷத்துக்கு 15 டாலர்கூடச் சரியாகச் சேராது என்றார் மத்திய அமைச்சர் பியூஷ் கோயல். நம்மூரில் அதற்குப் பெயர் மானிய மண்ணெண்ணெய். வள்ளத்தின் எஞ்சினுக்கு அரை வயிறு. இந்த முறை இந்திய மீனவர்களே தட்டி பிடித்துக்கொண்டு ஜெனீவா போனார்கள். நின்றது வெளியில்தான். 17ஆம் தேதி விடியற்காலை உள்ளே ஒப்பந்தம் நிறைவேறியது.

புதுக்கடைச் சந்தையில் சாளை விற்கிறவளிடம் இந்தக் கதையைச் சொன்னால் என்ன சொல்லுவாள்? “ஆமை வேசம் கெட்டிட்டுப் போயிருக்கப்பிடாதா?”